பள்ளிக்கரணையில் இருபது பேர்: ஒரு நாள் பறவை நோக்கல் பயணத்தின் நிகழ்வு ஆய்வு

சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்புக்குப் போன கூட்டம் ஏமாந்து திரும்பினால், "இந்தத் தடவை பறவையே இல்லை" என்றுதான் பேச்சு வரும். ஜனவரி, பிப்ரவரியில் அப்படி இருப்பது அபூர்வம். பறவை இருந்திருக்கும். கூட்டம் நின்ற இடம் சூரியனுக்கு எதிரே அமைந்திருக்கும். அல்லது ஏழு கார்களில் வந்தவர்கள் ஒன்றுசேர்வதற்கே எட்டு மணி ஆகியிருக்கும். நகரத்துக்கு நடுவே இருக்கும் சதுப்பில் ஒரு நாள் பயணம் தேறுவதும் கெடுவதும் திசை, நேரம், கூட்டத்தை நடத்தும் விதம் ஆகிய மூன்றில்தான் இருக்கிறது.

இந்த ஆய்வுக்கு ஒரு மாதிரியை எடுத்துக்கொள்வோம். ஜனவரி கடைசி ஞாயிறு. அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றிலிருந்து இருபது பேர் வருகிறார்கள். ஆறு பேர் பன்னிரண்டு வயதுக்குக் கீழே, நான்கு பேர் அறுபதைத் தாண்டியவர்கள். பைனாகுலர் ஒன்பது, ஸ்கோப் (முக்காலியில் வைத்துப் பார்க்கும் தொலைநோக்கி) ஒன்று. பறவைகளை நன்றாக அறிந்தவர்கள் இரண்டே பேர். சென்னையில் கிளம்பும் குழுக்கள் பலவும் ஏறத்தாழ இந்த அமைப்பில்தான் இருக்கும்.

இடத்தின் அமைப்பு

2022ல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தபோது பள்ளிக்கரணையின் பரப்பு சுமார் 1,247 ஹெக்டேர் என்று குறிக்கப்பட்டது. முன்பு இதைப்போலப் பல மடங்கு பரந்திருந்த சதுப்பின் மிச்சம் இது. தென்சென்னை ஏரிகளின் உபரிநீர் இங்கே வந்து தேங்கி, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் விழுந்து, கோவளம் முகத்துவாரத்தில் கடலைச் சேர்கிறது. வடக்கே பெருங்குடி குப்பைமேடு. கிழக்கே பழைய மகாபலிபுரம் சாலையின் மென்பொருள் கட்டடங்கள். மேற்கு விளிம்பில் வேளச்சேரி–தாம்பரம் சாலை. துரைப்பாக்கம்–பல்லாவரம் இருநூறு அடி ரேடியல் சாலை சதுப்பை ஏறக்குறைய கிழக்கு மேற்காக வெட்டிக்கொண்டு போகிறது. தெற்கே பெரும்பாக்கம் பக்கம் இன்னொரு நீர்ப்பரப்பு இருக்கிறது. வாத்துகளுக்கும் கரைப்பறவைகளுக்கும் பெயர்போன இடம்.

சதுப்பின் பெரும்பகுதி வனத்துறை வசம் உள்ள காப்புக்காடு. அனுமதி இல்லாமல் உள்ளே இறங்குவது குற்றம். ஆகவே இங்கே பறவை பார்ப்பது என்றால் விளிம்பில் நின்று பார்ப்பதுதான். குழுவில் யாராவது ஒருவர் "உள்ளே கொஞ்சம் போய்ப் பார்க்கலாமே" என்று கேட்பார். கிளம்பும் முன்பே இதைச் சொல்லி முடித்துவிட்டால் அங்கே போய் வாதாட வேண்டியதில்லை. ரேடியல் சாலையோரம் வனத்துறையின் சூழல் பூங்காவில் நடைபாதை, கழிப்பறை, வண்டி நிறுத்த இடம் மூன்றும் உண்டு. திறக்கும் நேரமும் கட்டணமும் மாறக்கூடியவை. முந்தின வாரமே விசாரித்துக்கொள்ள வேண்டும்.

மாதத்தைவிட ஆழம் முக்கியம்

டிசம்பரில் பயணம் வைக்கும் குழுக்கள் அதிகம் ஏமாறுவதற்கு ஒரு காரணம் உண்டு. வடகிழக்குப் பருவமழை நன்றாகப் பெய்த ஆண்டில் சதுப்பு முழுக்க நிரம்பி நிற்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு இந்தப் பகுதி கிடந்த நிலை எல்லோருக்கும் நினைவிருக்கும். நீர் ஆழமாக இருந்தால் கரைப்பறவைகளுக்குக் கால் ஊன்ற இடமில்லை. கொசு உள்ளான் போன்ற சிறிய பறவைக்கு நான்கைந்து சென்டிமீட்டருக்கு மேல் நீர் இருக்கக் கூடாது. தலையை மட்டும் நீருக்குள் விட்டு மேயும் ஊசிவால் வாத்து, தட்டைவாயன் போன்றவற்றுக்கு ஏறத்தாழ ஐந்து முதல் இருபத்தைந்து சென்டிமீட்டர் வரை வசதி. அதற்கு மேல் ஆழம் போனால் நீர்க்காகம், முக்குளிப்பான் போன்றவையே பெரும்பாலும் இருக்கும். போதாததற்கு அந்தச் சமயத்தில் செங்கல்பட்டு, காஞ்சிபுரம் ஏரிகளும் நிறைந்திருப்பதால் பறவைகள் பரவிவிடுகின்றன.

ஜனவரி பாதிக்கு மேல் நீர் இறங்க இறங்க சேற்றுத்திட்டுகள் தலைகாட்டும், மற்ற ஏரிகளும் வற்றத் தொடங்கும். பறவைகள் இங்கே குவிவது அப்போதுதான். வலசை வாத்துகள் மார்ச்சில் கிளம்பத் தொடங்கும். பூநாரைக்கு நாள்காட்டி கிடையாது. அதன் நீண்ட காலுக்கு ஏற்ற ஆழமும் சேறும் கிடைக்கும்போது வரும், கோடை தொடங்கிய பிறகும் நிற்கும். "பூநாரை பார்க்கலாம்" என்று அழைப்பிதழில் போடுவது தேவையில்லாத வாக்குறுதி. முந்தின நாள் ஒருவர் நேரில் போய் நீர்மட்டத்தையும், கூட்டம் நிற்கப்போகும் இடங்களையும், வண்டி நிறுத்தும் வசதியையும் பார்த்துவிட்டு வந்தால் அந்த ஒரு மணி நேரம் மறுநாள் இருபது பேருக்கு உதவும்.

சூரியன் எந்தப் பக்கம்?

ஜனவரி கடைசியில் சென்னையில் சூரியன் காலை 6.35 வாக்கில் உதிக்கிறது. உதிப்பது நேர் கிழக்கில் அல்ல, தெற்கே ஏறத்தாழ பதினெட்டு டிகிரி தள்ளி. உச்சியில்கூட அது தெற்குச் சாய்வாகவே, ஐம்பத்தெட்டு, ஐம்பத்தொன்பது டிகிரி உயரத்தில்தான் இருக்கும். இந்த ஒரு விவரத்திலிருந்து முழு நாள் திட்டத்தையும் போட்டுவிடலாம்.

வேளச்சேரி–தாம்பரம் சாலைப் பக்கம் காலையில் நின்றால் கிழக்கே பார்க்க வேண்டும்; வெயில் நேரே கண்ணில் அடிக்கும். தண்ணீர் வெள்ளித்தகடாக மின்னும், அதன்மேல் எல்லாப் பறவையும் கறுப்பு நிழல். அன்றிலுக்கும் நீலத் தாழைக்கோழிக்கும் வித்தியாசம் தெரியாது. புதிதாக வந்தவர்கள் முதல் அரைமணியில் ஒரு பறவையின் நிறத்தைக்கூடப் பார்க்காமல், பைனாகுலர் சரியில்லை என்று நினைத்துக்கொள்வார்கள். அதே இடம் மாலை நான்கு மணிக்கு மேல் அருமையாக மாறிவிடும். வெயில் முதுகுப் பக்கம் வந்து, தட்டைவாயனின் பச்சைத் தலை பளிச்சென்று தெரியும்.

ரேடியல் சாலை ஓரத்தில் வடக்கே பார்த்து நின்றால் காலை வெயில் வலது தோளுக்குப் பின்னாலிருந்து வரும். பார்வைக்குப் பின்னணியாகக் குப்பைமேடு இருக்கும்; அதைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். தெற்கே பார்த்தால் ஜனவரி வெயில் நாள் முழுக்க எதிரேதான். சூழல் பூங்காவின் நடைபாதை வளைந்து வளைந்து போவதால், அங்கே சூரியன் முதுகுப் பக்கம் விழும் துண்டுகளைத் தேர்ந்தெடுத்து நிற்கலாம். பெரும்பாக்கத்துக்கும் இதே விதிதான்: கைப்பேசி வரைபடத்தைத் திறந்து, நிற்கும் இடத்திலிருந்து நீர்ப்பரப்பு எந்தத் திசை என்று பார்த்துவிட்டே காலையா மாலையா என்று முடிவுசெய்ய வேண்டும்.

இன்னொன்று கானல். ஒன்பது, ஒன்பதரைக்கு மேல் சேறும் தாரும் சூடேறி, தூரத்துப் பறவை நெளிய ஆரம்பிக்கும். ஸ்கோப்பில் முப்பது மடங்குக்கு மேல் பெரிதாக்கினால் நெளிவுதான் பெரிதாகும், பறவை அல்ல. எனவே தூரத்து வாத்துக் கூட்டத்தை எட்டரைக்குள் பார்த்துவிட்டு, கிட்டத்தில் இருப்பவற்றைப் பிறகு வைத்துக்கொள்ள வேண்டும்.

நாளின் நேரப்பட்டியல்

காலை 5.45க்கு ஒரே இடத்தில் கூடல். தனித்தனிக் கார் வேண்டாம். பன்னிரண்டு பேர் அமரும் வேன் இரண்டு போதும். கார்கள் பெருகினால் ஒவ்வொரு நிறுத்தத்திலும் பத்து நிமிடம் கரையும், சாலையோரத்தில் ஆபத்தும் கூடும். 6.20க்கு முதல் இடம், 8.30 வரை. பிறகு சிற்றுண்டி. 9.15 முதல் 11 வரை சூழல் பூங்கா. பதினொன்றுக்கு மேல் சிறுவர்களையும் பெரியவர்களையும் வெயிலில் நிறுத்தி வைப்பதில் அர்த்தமில்லை. நாள் முழுக்க என்று திட்டமிட்டிருந்தால் நடுப்பகலில் நிழலான இடத்தில் சாப்பாடு, பட்டியல் சரிபார்ப்பு, ஓய்வு; மாலை 4 முதல் 5.45 வரை மேற்கு விளிம்பு. சூரியன் ஆறு மணி வாக்கில் மறைந்துவிடும். காலை ஒன்றே போதும் என்று முடிவெடுத்தாலும் குறையில்லை. கலைந்துபோகும் கூட்டத்தை மாலைவரை இழுத்துப் பிடிப்பதைவிட அது மேல்.

ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர், தொப்பி, கொசு விரட்டும் களிம்பு. வடக்கிலிருந்து காற்று வீசினால் குப்பைமேட்டு நாற்றம் ரேடியல் சாலைக்கு வரும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு முன்கூட்டியே சொல்லி முகக்கவசமும் மருந்தும் எடுத்து வரச் சொல்ல வேண்டும். 2022 ஏப்ரலில் அந்தக் குப்பைமேடு பல நாள் எரிந்தது. புகை தெரிந்தால் அன்றைய பயணத்தை வேறு ஏரிக்கு மாற்றிவிடுவதே சரி. கழிப்பறை பூங்காவில் மட்டும்தான் என்பதால் காலை முதல் நிறுத்தம் இரண்டேகால் மணி நேரத்துக்கு மேல் நீளக் கூடாது.

கூட்டத்தை நடத்துவது

இருபது பேர் ஒரே கும்பலாக நின்றால் பின்வரிசைக்கு ஒன்றும் தெரியாது, முன்வரிசை பேசுவதும் கேட்காது. பறவை தெரிந்தவர் ஒருவருக்குப் பத்துப் பேர் என்று இரண்டாகப் பிரித்து, ஐம்பது அறுபது அடி இடைவெளியில் நிறுத்துவது நல்லது. ஒவ்வொரு பிரிவிலும் முன்னே ஒருவர், கடைசியில் ஒருவர், பட்டியல் எழுத ஒருவர். கடைசியில் வருபவரின் ஒரே வேலை ஆளெண்ணிக்கையும் சாலை ஓரமும். ரேடியல் சாலையில் வண்டிகள் வேகமாக வரும். பாலத்தின் மேலும் வளைவிலும் நிற்கவே கூடாது, ஒற்றை வரிசை, சிறுவர்கள் தண்ணீர்ப் பக்கம், பெரியவர்கள் சாலைப் பக்கம். பைனாகுலரைக் கண்ணில் வைத்தபடி ஒரு அடிகூட எடுத்து வைக்கக் கூடாது என்பது மட்டும் கண்டிப்பான விதியாக இருக்கட்டும். இங்கே பாம்பைவிட லாரிதான் பயப்பட வேண்டியது.

பறவையைச் சுட்டிக்காட்டுவதில் நிறைய நேரம் வீணாகிறது. "அதோ, அங்கே" என்பது யாருக்கும் உதவாது. நின்றவுடன் எல்லோருக்கும் தெரியும் நான்கைந்து அடையாளங்களுக்குப் பெயர் வைத்துவிட வேண்டும்: முதல் மின்கோபுரம், இரண்டாவது மின்கோபுரம், தனிக் கருவேலம், சம்புப்புதர், கண்ணாடிக் கட்டடம். பிறகு "இரண்டாவது கோபுரத்துக்கு இடப்பக்கம், சம்புவுக்கு முன்னால், திறந்த தண்ணீர் தொடங்கும் இடத்தில்" என்று பெரியதிலிருந்து சிறியதற்குப் போனால், குழந்தைகூடப் பத்து வினாடியில் பிடித்துவிடும்.

ஒன்பது பைனாகுலரை இருபது பேர் பகிர்வதில் ஒரு சிக்கல் உண்டு. வலக்கண் பக்கம் இருக்கும் திருத்த வளையம் ஒவ்வொருவர் கண்ணுக்கும் வேறு நிலையில் இருக்கும். முறை இது: வலப்பக்க முன்கண்ணாடியைக் கையால் மூடி, நடுச்சக்கரத்தைத் திருப்பி இடக்கண்ணுக்குத் தெளிவாக்க வேண்டும். பிறகு இடப்பக்கத்தை மூடி, நடுச்சக்கரத்தைத் தொடாமல் வலக்கண் வளையத்தை மட்டும் திருப்ப வேண்டும். அந்த வளையம் எந்தக் கோட்டில் நின்றது என்று ஒவ்வொருவரும் நினைவில் வைத்துக்கொண்டால் கை மாறும்போது ஒரு நொடியில் சரிசெய்யலாம். கண்ணாடி அணிந்தவர்கள் பைனாகுலரில் கண் வைக்கும் பக்கத்து ரப்பர் வளையத்தை உள்ளே இறக்கிவிட வேண்டும். இல்லையென்றால் நடுவே சிறு வட்டம்தான் தெரியும். இந்தச் சதுப்புக்கு 8×42 (எட்டு மடங்கு பெரிதாக்கும், முன்கண்ணாடி 42 மில்லிமீட்டர்) போதும். 10×50 கனம், கையாட்டமும் கூடும். சிறுவர்களுக்கு 8×30 அளவில் இலேசானது நல்லது.

ஸ்கோப்புக்கு ஒரு கணக்கு: ஆளுக்குப் பதினைந்து வினாடி, இடம் மாற ஐந்து வினாடி என்றால் இருபது பேர் பார்த்து முடிக்க ஆறு நிமிடம் நாற்பது வினாடி ஆகும். சேற்றில் ஓடி ஓடி மேயும் பொரி உள்ளான் அத்தனை நேரம் சட்டத்துக்குள் நிற்காது. எனவே ஸ்கோப்பைத் திட்டில் உறங்கும் கூழைக்கடா, ஊசிவால் வாத்துக் கூட்டம், கோபுரத்தில் அமர்ந்த நீர்க்காகம் ஆகியவற்றுக்கு மட்டும் வைக்க வேண்டும். உயரத்தைக் குழுவில் குள்ளமானவருக்கு அமைத்து, அவரிலிருந்து வரிசையைத் தொடங்கலாம். உயரமானவர்கள் குனிந்துகொள்ளலாம், சிறுவர்களால் எக்க முடியாது. கண்வில்லை மேல்நோக்கிச் சாய்ந்த வகை ஸ்கோப் கூட்டத்துக்கு வசதி. நகரும் பறவையென்றால் ஒருவர் கைப்பேசியைக் கண்வில்லையில் வைத்துப் படமெடுத்துத் திரையில் காட்டிவிடலாம்.

எதைப் பார்க்கலாம், எங்கே குழப்பம் வரும்

முதல் பறவையாக நீலத் தாழைக்கோழியைக் காட்டுவது நல்ல உத்தி. பெரிது, கிட்டத்தில் இருக்கும், சட்டென்று பறந்துவிடாது. சம்புத்தண்டு ஒன்றைப் பிடுங்கி, நீண்ட செந்நிறக் கால்விரல்களால் கிளி போலப் பற்றித் தூக்கி, அலகால் பட்டையை உரித்து வெண்மையான உட்பகுதியைக் கடித்துத் தின்னும். இதைப் பைனாகுலரில் முழுதாகப் பார்த்த சிறுவனுக்கு அடுத்த இரண்டு மணி நேரம் சலிப்பு வராது.

நீளவால் இலைக்கோழியைத் தேடச் சொன்னால் பலர் நீண்ட வாலைத் தேடுவார்கள். அந்த வால் இனப்பெருக்கக் காலத்து அலங்காரம், ஜனவரியில் கிடையாது. ஆகாயத்தாமரை இலைமேல் பழுப்பும் வெள்ளையுமாக, கழுத்தோரம் கறுப்புக் கோடு இறங்கி, விரல்களை அகல விரித்து நடக்கும் பறவையைத் தேடச் சொல்ல வேண்டும். நீலச்சிறகி வாத்திலும் இதே கதை. ஆணின் வெள்ளைப் புருவத்தைப் புத்தகத்தில் பார்த்துவிட்டு வருகிறார்கள். பல ஆண்கள் ஜனவரியிலும் பெட்டையைப் போல மங்கிய உடையிலேயே இருக்கும். முகத்தில் ஓடும் இரட்டைக் கருங்கோடுதான் அப்போது அடையாளம்.

தட்டைவாயன்கள் வட்டமாகச் சுழன்று மேய்வதைக் கூட்டத்தில் உள்ள பெரியவர்கள் ரசிப்பார்கள். நாமக்கோழிக்கு வெள்ளை நெற்றி, தாழைக்கோழிக்குச் சிவப்பு நெற்றி. இதில் தடுமாற்றம் வராது. வானத்தில்தான் வரும். குப்பைமேட்டின் மேல் சுற்றும் கள்ளப்பருந்துக்கு வால் நுனி பிளவுபட்டிருக்கும். சேற்றுப் பூனைப்பருந்து சம்புப்புதருக்குச் சற்று மேலே, இறக்கைகளை ஆழமற்ற 'V' வடிவில் உயர்த்தியபடி மிதந்து போகும். வாலில் பிளவு இராது. அது தாழ்ந்து வரும்போது வாத்துகள் மொத்தமாக எழும்பும். எழும்பியதும் எண்ண முயல வேண்டாம், ஓரிரு நிமிடம் பொறுத்தால் மறுபடி இறங்கும்.

சாலையோரத்தில் குரலை நம்பிப் பறவையைச் சொல்வது வீண். ஹாரன் சத்தத்தில் மெர்லின் செயலியின் குரல் அறிதலும் தடுமாறும். அது காட்டும் பெயரைத் துப்பாக மட்டும் எடுத்துக்கொண்டு, கண்ணால் பார்த்த பிறகே பட்டியலில் ஏற்ற வேண்டும். பறவைக் குரலைக் கைப்பேசியில் ஒலிக்கவிட்டு வரவழைப்பது, பறக்க வைக்கக் கல் எறிவது, ட்ரோன் விடுவது மூன்றும் கிடையாது.

எண்ணிக்கையும் பட்டியலும்

பெரிய கூட்டத்தை ஒவ்வொன்றாக எண்ண வேண்டாம். முதலில் பத்துப் பறவையை எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று கண்ணில் பதித்து, அதே அளவில் கூட்டத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தாண்டித் தாண்டிப் போக வேண்டும். ஐந்நூறுக்கு மேல் தெரிந்தால் ஐம்பது ஐம்பதாக. இரண்டு பேர் தனித்தனியே எண்ணி, பிறகு ஒப்பிட வேண்டும். வித்தியாசம் பாதிக்கு மேல் போனால் மறுபடி எண்ண வேண்டும். அப்படியும் பிடிபடாத இனத்துக்கு எண்ணுக்குப் பதில் 'X' போடுவது, மனதில் தோன்றிய எண்ணைப் போடுவதைவிட நேர்மை.

பறவைப் பட்டியல்களைப் பதியும் இணையதளமும் செயலியுமான ஈபேர்டில் ஏற்றும்போது குழுக்கள் வழக்கமாகச் செய்யும் பிழை, ஆளாளுக்கு ஒரு பட்டியல் அனுப்புவது. ஒரே ஊசிவால் வாத்துக் கூட்டம் பத்து முறை பதிவாகிவிடும். ஒருவர் மட்டும் பட்டியலைத் தொடங்கி, தொடக்க நேரம், கால அளவு, நடந்த தூரம், பார்த்தவர் எண்ணிக்கை ஆகியவற்றோடு முடித்து, மற்றவர்களுடன் அதையே பகிர வேண்டும். பாதியில் கிளம்பியவர் தன் பிரதியிலிருந்து தான் பார்க்காதவற்றை நீக்கிக்கொள்ளலாம். அது மற்றவர்களின் பட்டியலைப் பாதிக்காது. காலை முதல் நிறுத்தம், பூங்கா, மாலை நிறுத்தம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பட்டியல். மூன்றையும் ஒன்றாகச் சேர்த்தால் எந்தப் பறவை எங்கே இருந்தது என்ற விவரம் தொலைந்துவிடும். காகத்தையும் மைனாவையும் விட்டுவிட்டு, நல்ல பறவைகளை மட்டும் எழுதினால் அதை முழுப்பட்டியல் என்று குறிக்கக் கூடாது. தை மாதப் பயணம் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நாட்களில் அமைந்தால், பதினைந்து நிமிடத்துக்குக் குறையாத பட்டியல் ஒவ்வொன்றும் அதற்கும் பயன்படும். ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பும் 1987 முதல் ஜனவரியில்தான் நடந்துவருகிறது. ஆனால் அதில் ஒரு நீர்நிலையை முழுமையாக எண்ண வேண்டும்; இருபது பேர் சுற்றுலாவோடு அதைக் கலப்பது இரண்டையும் கெடுக்கும்.

இடத்துக்குப் பொருந்தாத பறவையையோ மிகப் பெரிய எண்ணிக்கையையோ பதிவிட்டால் செயலி அதைக் கொடியிட்டு விவரம் கேட்கும். "நன்றாகப் பார்த்தோம், உறுதி" என்று எழுதினால் சரிபார்ப்பவருக்கு ஒன்றும் புரியாது. எத்தனை அடி தூரம், வெயில் எந்தப் பக்கம், எத்தனை நிமிடம் பார்த்தது, அலகின் நீளமும் வளைவும், காலின் நிறம், பறக்கும்போது முதுகிலும் வாலடியிலும் தெரிந்த வெள்ளை, அருகில் நின்ற எந்தப் பறவையோடு ஒப்பிட்டு அளவைக் கணித்தது என்று எழுத வேண்டும். மங்கலாக இருந்தாலும் ஸ்கோப் வழியே எடுத்த கைப்பேசிப் படத்தையும் சேர்க்க வேண்டும். படமும் இல்லை, அலகின் வடிவமும் நினைவில்லை என்றால், "அடையாளம் தெரியாத உள்ளான் ஒன்று" என்று பதிந்துவிட்டு அடுத்ததற்குப் போகலாம்.